ஈறில் ரத்தமே வராத பீடிக்காரர்: புகை நம் நோய் எதிர்ப்பை என்ன செய்கிறது?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் கடல் தொழிலுக்குப் போகிறவர்களிடம் பல்லைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், நாற்பது வயதைத் தாண்டிய பலர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "பல்லு லேசா ஆடுது. மத்தபடி எகிறு நல்லாத்தான் இருக்கு, ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல." சொல்லும்போதே விரலிடுக்கில் பீடி புகைந்துகொண்டிருக்கும். பல் ஆடுவதற்கும், ரத்தம் வராமல் இருப்பதற்கும், அந்தப் பீடிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதை உட்கார்ந்து விளக்கிச் சொல்லத்தான் ஆள் இருப்பதில்லை. அந்த விளக்கத்தை இங்கே எழுதிப் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

முதலில் ஈறைப் பார்ப்போம். ஈறு பல்லோடு ஒட்டியிருப்பதுபோலத் தெரிந்தாலும் அதன் மேல் விளிம்பு பல்லைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது, ஒட்டியிருப்பதில்லை. அந்த இடத்தில் பல்லைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஒன்று ஓடுகிறது. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். பள்ளத்தின் அடியில்தான் ஈறு பல்லைப் பற்றுகிறது. அதற்கும் கீழே, பல்லின் வேரைத் தாடை எலும்போடு இழுத்துக் கட்டும் நார்கள் இருக்கின்றன. பல்லை உண்மையில் தாங்குவது அந்த நாரும் எலும்பும்தான். கண்ணாடியில் பார்த்தால் தெரியாத பகுதி அது.

சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பல்லை நாக்கால் தடவினால் வழுவழுப்பாக ஒன்று தட்டுப்படும். அது பாக்டீரியாப் படலம். துலக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து காரையாக இறுகும். படலம் ஈறோரப் பள்ளத்துக்குள் இறங்கத் தொடங்கியதும் உடல் சும்மா இருக்காது. அங்கே இருக்கும் சின்னச் சின்ன ரத்த நாளங்கள் விரியும். ரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள், முக்கியமாக நியூட்ரோபில் என்ற வகை, நாளத்தின் சுவரில் ஒட்டி, சுவரைத் தாண்டி வெளியே வந்து பள்ளத்துக்குள் போகும். ஈறு சிவந்து வீங்கும். பிரஷ் பட்டால் ரத்தம் கசியும். அழற்சி என்று சொல்வது இதைத்தான்.

இதைத் தெளிவாக நிரூபித்தவர் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர். 1965-இல் டென்மார்க்கில், ஆரோக்கியமான ஈறு உள்ளவர்களைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு சிவந்தது, வீங்கியது. திரும்பவும் துலக்கத் தொடங்கியதும் சில நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதாவது இந்த முதல் கட்டம் முழுக்கச் சரியாகக் கூடியது. அதைக் காட்டிக்கொடுப்பது அந்த ரத்தம்தான்.

அடுத்த கட்டம் அப்படியில்லை. கவனிக்காமல் விட்டால், எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்கு, அழற்சி ஆழமாக இறங்கி நாரையும் எலும்பையும் தொடும். பள்ளம் 4, 5, 7 மில்லிமீட்டர் என்று பையாக ஆழமாகும். இழந்த எலும்பு தானாக வளர்ந்து வராது. பல் ஆடத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டம் முற்றிய பிறகுதான்.

எலும்பைக் கரைப்பது யார்?

ஈறு நோயைப் பற்றிப் பலருக்கும் தெரியாத விஷயம் இது. கிருமி நேரடியாக எலும்பைத் தின்பதில்லை. கிருமியை எதிர்க்கப் போன நம் உடலே பெரும்பாலான சேதத்தைச் செய்கிறது.

நியூட்ரோபில் ஒரு கிருமியைப் பிடித்தால் அதை விழுங்கி, உள்ளே வைத்துத் தன் நொதிகளால் கொல்லும். அந்த நொதிகளில் எலாஸ்டேஸ், கொலாஜினேஸ் போன்றவை புரதத்தை அறுக்கக்கூடியவை. உள்ளேயே வேலை முடிந்தால் நல்லது. வெளியே கொட்டினால் அதே நொதி ஈறின் கொலாஜன் நாரையும் அறுக்கும், அதற்கு வேறுபாடு தெரியாது. இன்னொரு பக்கம், அழற்சி நடக்கும் இடத்தில் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல சைட்டோகைன் என்ற சிறு புரதங்களை வெளிவிடுகின்றன. இந்தச் செய்திகள் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் போய்க்கொண்டிருந்தால், எலும்பைக் கரைப்பதையே வேலையாகக் கொண்ட ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் தூண்டப்படும். அப்புறம் தாடை எலும்பு, கிருமி இருக்கும் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும்.

ஆகவே நல்ல நோய் எதிர்ப்பு என்றால் சீக்கிரம் வர வேண்டும், சரியான இடத்துக்குப் போக வேண்டும், கிருமியைக் கொல்ல வேண்டும், வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். புகைப்பவருக்குக் கெட்டுப்போவது இந்த ஒழுங்குதான். "சிகரெட் பிடிச்சா எதிர்ப்பு சக்தி குறையும்" என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது பாதி உண்மை. ஈறைப் பொறுத்தவரை புகை எதிர்ப்பைத் தேவையான இடத்தில் குறைக்கிறது, தேவையில்லாத இடத்தில் கூட்டுகிறது. ஒரே ஆளின் ஒரே ஈறில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் மீதியெல்லாம் விவரம்தான்.

ரத்தம் ஏன் வருவதில்லை?

1986-இல் ஸ்வீடனில் லோவின் சோதனையைப் போன்ற ஒன்றைப் புகைப்பவர்களையும் புகைக்காதவர்களையும் வைத்துச் செய்தார்கள். இரண்டு குழுவும் பல் துலக்கவில்லை. இரண்டு குழுவுக்கும் பல்லில் படிந்த படலம் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் புகைத்தவர்களின் ஈறில் சிவப்பும் குறைவு, ரத்தக் கசிவும் குறைவு. அதே அழுக்கு, மந்தமான பதில்.

நிகோட்டின் ரத்த நாளங்களைச் சுருக்கும், அதனால்தான் ரத்தம் வருவதில்லை என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பின்னால் ஈறிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. அழற்சி வந்த ஈறில் சாதாரணமாக ரத்த நாளங்கள் எண்ணிக்கையிலும் பெருகும். புகைப்பவரின் ஈறில் அந்தப் பெருக்கமே குறைவாக இருந்தது. சுருங்கிய குழாய் ஒரு சில நிமிடத்தில் விரிந்துவிடலாம். நாளமே உண்டாகவில்லை என்பது பல நாள், பல மாதப் பாதிப்பு.

புகைப்பவரின் ஈறு இதனால்தான் பார்க்க வெளிர் சிவப்பாக, கெட்டியாக, கொஞ்சம் தடித்து, "நல்லா" இருக்கும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்துத்தானே படகை எடுப்பதா கரையில் கட்டுவதா என்று முடிவு செய்கிறோம். ஈறில் வரும் ரத்தம் அந்தக் கூண்டு. புகை செய்வது கூண்டை இறக்கிவிடுவது. புயல் அங்கேயேதான் இருக்கிறது.

என் மாமா ஒருவர் விசைப்படகில் டிரைவர். மீன்பிடித் தடைக்காலத்தில் அவரை ராமநாதபுரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தேன். கீழ் முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன, பிடுங்கிவிட்டுப் பல் கட்டலாமா என்று கேட்கத்தான் போனோம். மருத்துவர் மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். முனை மழுங்கலாக, உடம்பில் மில்லிமீட்டர் கோடுகளோடு இருந்தது. அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக விட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் அளந்துகொண்டே போனார். பக்கத்தில் இருந்த பெண் எழுதிக்கொண்டார். "மூணு, நாலு, ஆறு. அஞ்சு, ஏழு, ஆறு." ஏழு என்றபோது கம்பி கிட்டத்தட்ட முக்கால் சென்டிமீட்டர் உள்ளே போயிருந்தது. வெளியே எடுத்த கம்பியில் ரத்தம் அவ்வளவாக இல்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை பீடிண்ணே?"

"ஒரு கட்டு ஆகும் டாக்டரம்மா. கடலுக்குப் போற ராத்திரின்னா ரெண்டாயிரும். தூக்கம் வராம இருக்கணும்ல."

"ஏழு மில்லி பை இருக்குற இடத்துல சாதாரணமா ரத்தம் நல்லாவே வரணும்ண்ணே. உங்களுக்கு வரல பாருங்க. அதான் இத்தன வருஷமா உங்களுக்குத் தெரியல."

மாமா கண்ணாடியை வாங்கித் தன் ஈறையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேயில் அந்த முன்பற்களின் வேர் பாதிக்கு மேல் எலும்பு இல்லாமல் நின்றது.

வெள்ளணுக்களுக்கு என்ன ஆகிறது?

புகைப்பவரின் ரத்தத்தைச் சோதித்தால் நியூட்ரோபில் எண்ணிக்கை குறைந்திருக்காது, பெரும்பாலும் கூடியே இருக்கும். எண்ணிக்கையைப் பார்த்து எதிர்ப்பு பலமாக இருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சிக்கல் அவற்றின் நடத்தையில் இருக்கிறது.

கிருமி இருக்கும் இடத்திலிருந்து வேதிப்பொருட்கள் கசிந்து வரும். நியூட்ரோபில் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது. புகையில் உள்ள அக்ரோலின் போன்ற பொருட்களும் நிகோட்டினும் இந்த நகர்வைத் தடுமாறச் செய்கின்றன. நாளத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்களின் சமநிலையும் கெடுகிறது. வந்து சேர்ந்த நியூட்ரோபிலுக்குக் கிருமியை விழுங்கும் திறனும் குறைவு. ஆக வரவும் தாமதம், வந்தும் வேலை அரைகுறை.

இவ்வளவு மந்தமான செல் அழிவு வேலையிலாவது மந்தமாக இருக்கலாம். அதுவும் இல்லை. புகையால் சீண்டப்பட்ட நியூட்ரோபில்கள் எலாஸ்டேஸ் போன்ற நொதிகளையும் திசுவை எரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் வெளியே கொட்டுவது கூடுகிறது. விழுங்கிக் கொல்வது குறைந்து, கண்ட இடத்தில் கொட்டுவது அதிகமாகிறது. மேலே சொன்ன "தேவையான இடத்தில் குறைவு, தேவையில்லாத இடத்தில் கூடுதல்" என்பதை ஒரே செல்லுக்குள் பார்க்க வேண்டுமென்றால் இதுதான்.

நிகோட்டின் மூளையில் மட்டும் வேலை செய்யும் பொருள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். வெள்ளணுக்களின் மேற்பரப்பிலும் நிகோட்டின் வந்து ஒட்டும் ஏற்பிகள் இருக்கின்றன. ஒவ்வொரு இழுப்பும் மூளைக்குப் போவதைப் போலவே அந்த அணுக்களுக்கும் போகிறது.

ஆன்டிபாடிகளின் கதை சுருக்கமானது. கிருமியின் மேல் ஒட்டி, "இதை விழுங்கு" என்று நியூட்ரோபிலுக்குக் காட்டிக்கொடுக்கும் புரதங்கள் இவை. ஐஜிஜி என்ற வகையின் அளவு புகைப்பவரின் ரத்தத்தில் குறைகிறது. அதிலும் கிருமியின் சர்க்கரைப் பூச்சை அடையாளம் காணும் ஐஜிஜி2 குறைவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஏற்கனவே விழுங்கத் தடுமாறும் செல்லுக்கு, எதை விழுங்குவது என்ற அடையாளமும் கிடைக்காமல் போகிறது.

எலும்புப் பக்கம் வருவோம். ஆஸ்டியோகிளாஸ்ட்டைத் தூண்டும் புரதம் ஒன்று உண்டு, ரேங்க்-எல் என்று பெயர். அதைப் போய்ப் பிடித்துத் தடுக்கும் புரதம் ஆஸ்டியோபுரோட்டிஜெரின். இந்த இரண்டின் விகிதம்தான் எலும்பு கரைவதா தங்குவதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஈறு நோய் உள்ள புகைப்பவர்களிடம் தடுக்கும் புரதம் குறைந்து, தராசு கரைக்கும் பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். போதாததற்கு, அறுந்த நாரைத் திரும்ப நெய்ய வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் நிகோட்டின் பட்டால் வேரின் மேல் ஒழுங்காக ஒட்டுவதில்லை, கொலாஜன் உற்பத்தியும் குறைகிறது. இடிப்பது கூடுகிறது, கட்டுவது குறைகிறது.

கிருமிக்கும் வசதி

புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். ஈறுப் பைக்குள் ஆக்சிஜன் இன்னும் குறையும். ஈறு நோயின் மோசமான கிருமிகள், குறிப்பாக போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற பாக்டீரியா, காற்றில்லாத இடத்தில்தான் செழிப்பவை. அவற்றுக்கு இதைவிட என்ன வேண்டும்.

இந்தக் கிருமியைச் சிகரெட் புகையின் சாறு கலந்த ஊடகத்தில் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அது தன் மேற்பரப்புப் புரதங்களை மாற்றிக்கொண்டது. அப்படி மாறிய கிருமியை வெள்ளணுக்களிடம் காட்டியபோது அவை வழக்கத்தைவிடக் குறைவாகவே கொதித்தன. அதாவது புகை, பார்ப்பவரின் கண்ணையும் மங்கச் செய்கிறது, ஒளிபவருக்கு மறைவையும் கொடுக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

இதெல்லாம் சேர்ந்து நிஜ வாழ்க்கையில் எவ்வளவு வித்தியாசம் வருகிறது? அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த பெரிய தேசிய உடல்நலக் கணக்கெடுப்பை வைத்து 2000-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். புகைக்காதவரோடு ஒப்பிட்டால், புகைப்பவருக்கு எலும்பு வரை போன ஈறு நோய் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு. நாளுக்கு 9 சிகரெட் அல்லது அதற்குக் குறைவாகப் பிடிப்பவருக்கே கிட்டத்தட்ட 3 மடங்கு. 31-க்கு மேல் போனால் ஏறத்தாழ 6 மடங்கு. "நான் அஞ்சாறுதான் பிடிக்கிறேன்" என்பது ஈறுக்குச் சமாதானம் ஆகாது.

நம் கரையில் பீடி

மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் சிகரெட்டை வைத்து நடந்தவை. நம் பக்கம் படகில், கருவாடு காயப்போடும் மணலில், வலை பின்னும் கொட்டகையில் கையில் இருப்பது பீடி. இலையில் சுற்றியது, காகிதம் இல்லை, அதனால் கெடுதல் குறைவு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. பீடி இலையில் காற்று எளிதில் புகாது, அதனால் இழுத்துக்கொண்டே இருக்காவிட்டால் அணைந்துவிடும். பீடி பிடிப்பவர் அடிக்கடி, ஆழமாக இழுப்பது அதனால்தான். பொதுவாகப் பீடிப் புகையில் நிகோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சாதாரண சிகரெட்டைவிடக் கூடுதல். உருவத்தில் சின்னது என்பதால் கணக்கிலும் சின்னது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

புகையிலையை வாயில் அதக்குபவர்களுக்கும் விலக்கில்லை. அதை வைக்கும் அதே இடத்தில் ஈறு கீழிறங்கி வேர் தெரியத் தொடங்கும். வாய்ப் புற்றுநோய் ஆபத்து தனிக் கட்டுரைக்கான விஷயம். சர்க்கரை நோய் உள்ளவர் புகைத்தால் இரண்டும் சேர்ந்து ஈறைப் பதம் பார்க்கும், ஏனென்றால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் நியூட்ரோபில் இதே போலத் தடுமாறுகிறது.

கடலில் வாழ்க்கை எப்படி என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். காலையில் போன படகு மறுநாள்தான் கரைக்கு வரும். வாடைக்காற்றில் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும். கேனில் கொண்டுபோன குடிதண்ணீரில் பல் துலக்க யாருக்கும் மனம் வராது. அந்த நேரத்தில் பீடியை ஒருவருக்கொருவர் பற்றவைத்துக் கொடுப்பது நட்பும்கூட. "விட்டுரு" என்று கரையில் நின்று சொல்வது சுலபம். அதனால்தான் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆளுக்கு மரியாதை கொடுத்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம் புரிந்தவருக்கு முடிவெடுப்பது கொஞ்சம் எளிது.

நிறுத்தினால் ரத்தம் வரும், பயப்படாதீர்கள்

பீடியை நிறுத்திய ஒருவருக்கு ஒரு மாதம் கழித்துப் பல் துலக்கும்போது திடீரென்று ரத்தம் வரத் தொடங்குகிறது. இவ்வளவு நாள் வராத ரத்தம். "பீடி பிடிச்சப்போ நல்லாத்தானே இருந்துச்சு, விட்டதும்தான் கெட்டுப்போச்சு" என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார், திரும்பவும் பற்றவைக்கிறார். ரத்தமும் நின்றுவிடுகிறது. அவர் சொன்னது நிரூபணம் ஆனதுபோலவே ஆகிவிடும்.

நடந்தது அதற்கு நேர்மாறு. பிரிட்டனில், புகையை விட முயன்றவர்களின் ஈறை அளந்து 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நிறுத்திய 4 முதல் 6 வாரத்துக்குள் கம்பி பட்டதும் ரத்தம் கசியும் இடங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்காகின. நோய் கூடவில்லை. ஈறின் ரத்த நாளங்களும் அழற்சிப் பதிலும் திரும்ப வேலை செய்யத் தொடங்கியிருந்தன. ஏற்கனவே அங்கே இருந்த நோய் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த நேரத்தில் செய்ய வேண்டியது பல் மருத்துவரிடம் போய்க் காரையை எடுப்பது. ஈறுக்கு மேலே மட்டும் இல்லை, பைக்குள்ளும் வேரைச் சுத்தம் செய்ய வேண்டும். படலமும் காரையும் போனால் ரத்தமும் குறையும்.

"ஸ்கேலிங் பண்ணினா பல்லு ஆடும்" என்ற பேச்சையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலும்பு ஏற்கனவே போன இடத்தில், கற்போல் இறுகிய காரை பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் உண்மையான ஆட்டம் தெரிகிறது. காரையை வைத்துப் பல்லைக் காப்பாற்ற முடியாது, அதன் அடியில்தான் எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது.

சிகிச்சைக்கும் புகைக்கும் ஒத்துவராது. அதே மருத்துவர், அதே முறை, அதே சுத்தம் என்றாலும் புகைப்பவருக்குப் பையின் ஆழம் குறைவது குறைவு. எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லும் புகைப்பவருக்குத் தோல்வியடையும் வாய்ப்பு அதிகம். மறுபக்கம் நல்ல செய்தி உண்டு. ஈறு சிகிச்சையோடு புகையையும் நிறுத்தியவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து பார்த்தபோது, தொடர்ந்து புகைத்தவர்களைவிட அவர்களுக்குப் பைகள் நன்றாகக் குறைந்திருந்தன. முன்னே சொன்ன அமெரிக்கக் கணக்கில், நிறுத்தி 11 ஆண்டு ஆனவர்களின் ஆபத்து புகைக்கவே செய்யாதவர்களின் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. போன எலும்பு வராது. இருக்கும் எலும்பு நிற்கும். ஐம்பது வயதில் இருபத்திரண்டு பல் மிச்சமிருப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எப்போது தொடங்குவது? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் நேரம். ராத்திரி விழிப்பு இல்லை, படகின் சூழல் இல்லை, மருத்துவரிடம் இரண்டு மூன்று தடவை போய்வர நேரமும் உண்டு. பணம்தான் இடிக்கும் என்பது தெரியும், அரசு மருத்துவமனைப் பல் பிரிவைக் கேட்டுப் பாருங்கள். நிறுத்திய முதல் சில வாரத்தில் எரிச்சலும் தூக்கமின்மையும் அதிகமாக இருக்கும். வாடகைக்கு ஓடும் படகில் இல்லாமல் வீட்டில் இருக்கும்போது அதைக் கடப்பது நல்லது. நிகோட்டின் சூயிங்கம், மாத்திரை போன்ற உதவிகளும் இருக்கின்றன, மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். 1800-11-2356 என்ற எண் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். சிகரெட், பீடி உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

பல் மருத்துவரிடம் போனால் எத்தனை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். 2018-இல் வெளியான உலக அளவிலான ஈறு நோய் வகைப்பாட்டில், நோய் எவ்வளவு வேகமாக முன்னேறும் என்று தரம் பிரிக்கும்போது புகைப்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள். நாளுக்கு 10 சிகரெட்டுக்குக் குறைவு என்றால் நடுத்தரம், 10 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமாக முன்னேறும் தரம். எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்வது, எந்தப் பல்லைக் காப்பாற்றப் பார்ப்பது என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்து மாறும். கட்டுக் கணக்கில் சொன்னால் கட்டில் எத்தனை பீடி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விட்டு எத்தனை நாளாயிற்று என்பதையும் சொல்லுங்கள், கம்பியில் தெரியும் ரத்தத்தை அவர் சரியாகப் புரிந்துகொள்ள அது வேண்டும்.